ஏர் பூட்டி உழுது காட்டும் அருங்காட்சியகம்!

அயோவாவில் 1700, 1850, 1900... மூன்று காலத்து விவசாயம் ஒரே இடத்தில்

‘மகன் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் வேலை பார்க்கிறான். வரும் கோடையில் நானும் வீட்டுக்காரியும் இரண்டு மாதம் போய்த் தங்கப் போகிறோம். கட்டடத்தையும் கடைத்தெருவையும் எத்தனை நாள் பார்ப்பது? விவசாயம் சம்பந்தமாகப் பார்க்க அங்கே ஏதாவது இருக்கிறதா?’

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம் இது. நான்கு வரியில் பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் தனிக் கட்டுரையாகவே வருகிறது. அமெரிக்கா போகிறவர்கள் மட்டும் படிக்க வேண்டிய சங்கதியும் இல்லை. வீட்டுப் பரணில் பழைய ஏர்க்கலப்பை கிடக்கிற எல்லோரும் படிக்கலாம்.

அயோவாவின் தலைநகர் டி மொய்ன். அதன் மேற்குப் புறத்தில் அர்பன்டேல் என்ற ஊரில் சுமார் 500 ஏக்கர் பரப்பில் இருக்கிறது ‘லிவிங் ஹிஸ்டரி ஃபார்ம்ஸ்’. நம் மொழியில் சொன்னால், ‘உயிரோடிருக்கும் வரலாற்றுப் பண்ணைகள்’. இதைத் தொடங்கியவர் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பண்ணைப் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த வில்லியம் முர்ரே. ஆண்டு 1970. டிராக்டரும் வீரிய ஒட்டு விதையும் ஊரெங்கும் பரவி, குதிரை பூட்டி உழுத தலைமுறை ஒவ்வொருவராகக் கண் மூடிக்கொண்டிருந்த நேரம் அது. கருவிகளைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்துப் பயனில்லை, அவற்றால் வேலை செய்யத் தெரிந்த கைகளும் வேண்டும் என்ற எண்ணத்தில் உருவானதுதான் இந்தப் பண்ணை.

ஆகவே இங்கே சிலை, பொம்மை எதுவும் இல்லை. அந்தந்தக் காலத்து உடையில் ஆட்கள் நிஜமாகவே உழுகிறார்கள், களை எடுக்கிறார்கள், அடுப்பு மூட்டிச் சமைக்கிறார்கள். மாடும் குதிரையும் பன்றியும் கோழியும் வளர்கின்றன. பயிர் நிஜமாக விளைகிறது. கேள்வி கேட்டால் கைவேலையைச் செய்துகொண்டே பதில் சொல்வார்கள். ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்கு டிராக்டர் இழுக்கும் வண்டியில் போகலாம், நடந்தும் போகலாம். அந்தச் சிறு தூரத்தில் 50, 150 ஆண்டுகளைக் கடந்துவிடுகிறோம்.

1700: பெண்கள் நடத்திய விவசாயம்

முதலில் வருவது வெள்ளையர் பண்ணை அல்ல. 1700-ஆம் ஆண்டுவாக்கில் அந்த மண்ணில் பயிர் செய்த ஐயோவே பழங்குடியினரின் தோட்டம். மாநிலத்தின் பெயரே அவர்கள் பெயரிலிருந்து வந்ததுதான். மரப்பட்டை வேய்ந்த வீடு. பக்கத்தில் மண் குவித்த சிறு சிறு மேடுகள். மேட்டுக்கு மேடு மக்காச்சோளம், அதன் தண்டைப் பற்றி ஏறும் பீன்ஸ் கொடி, இடையில் தரை முழுக்கப் படர்ந்து கிடக்கும் பரங்கி.

இந்த மூன்றையும் ‘மூன்று சகோதரிகள்’ என்று அழைக்கிறார்கள். விளக்கம் நம் விவசாயிகளுக்குப் புதிதல்ல. சோளத்தட்டை கொடிக்குப் பந்தல். பீன்ஸ் வேர் முடிச்சு காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கிறது. பரங்கி இலை நிழல் விரித்துக் களையை அடக்கி, ஈரத்தையும் காக்கிறது. ஊடுபயிர், உயிர் மூடாக்கு என்று இன்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருவதெல்லாம் அந்த ஒரே மேட்டில் இருக்கிறது.

தோட்ட வேலை பெண்களுடையது. விதை தேர்ந்தெடுப்பது, நடுவது, களை எடுப்பது, அறுப்பது, சேமிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. மண் கிளற அவர்கள் வைத்திருந்தது காட்டெருமையின் தோள்பட்டை எலும்பைக் கம்பில் கட்டிய கொத்து. உலர்த்திய தானியத்தை நிலத்தில் குழி தோண்டிப் போட்டு மூடி வைப்பார்கள். நம் ஊரில் வரகும் சோளமும் கொட்டி வைத்த தானியக் குழியின் அதே தத்துவம்.

இன்னொரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அமெரிக்கப் பழங்குடியினர் மக்காச்சோளத்தை மரச் சாம்பல் கலந்த நீரில் வேகவைத்துத் தோல் நீக்கி உண்பது வழக்கம். சாம்பலின் காரத்தால் தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்ற உயிர்ச்சத்து உடலுக்குக் கிடைக்கிறது. இந்த வழக்கத்தை விட்டுவிட்டு மக்காச்சோளத்தையே முக்கிய உணவாகக் கொண்ட ஏழைகளை, 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்பகுதியில் பெலாக்ரா என்ற சத்துக்குறைவு நோய் கொத்துக்கொத்தாகத் தாக்கியது. பயிரை எடுத்துக்கொண்டவர்கள் பக்குவத்தை விட்டுவிட்டார்கள்.

நமக்கும் இந்தத் தோட்டத்தோடு ஒரு பழைய பந்தம் உண்டு. மக்காச்சோளம், பீன்ஸ், பரங்கி மூன்றுமே அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. கடல் தாண்டி நம்மிடம் வந்தவை. பரங்கிக்காய் என்ற பெயரிலேயே பரங்கியர் இருக்கிறார்களே!

1850: பட்டிமாட்டை அல்ல, பயிரை வேலியடைத்தவர்கள்

அடுத்த பண்ணைக்குப் போகும் முன் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். 1700-க்கும் 1850-க்கும் நடுவில் அந்த நிலம் கை மாறியது. கை மாறியது என்பதைவிடப் பறிபோனது என்பதே சரி. 1836, 1838 ஒப்பந்தங்களின்படி ஐயோவே மக்கள் மேற்கே, இன்றைய கான்சாஸ்-நெப்ராஸ்கா எல்லையில் ஒரு சிறு ஒதுக்கிடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். 1846-ல் அயோவா ஒரு மாநிலமானபோது, அந்தப் பெயருக்கு உரியவர்கள் அங்கே இல்லை.

வந்து குடியேறியவர்களும் செல்வந்தர்கள் அல்ல. கிழக்கு மாநிலங்களில் நிலம் கிடைக்காதவர்களும் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறியவர்களும்தான். அரசு நிலம் ஏக்கர் ஒன்றேகால் டாலர். 160 ஏக்கருக்கு 200 டாலர். அதுவும் கையில் இல்லாமல் கடும் வட்டிக்கு வாங்கிக் கட்டியவர்கள் பலர். அவர்களுக்காகக் காத்திருந்தது ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த புல்வெளி. பல ஆயிரம் ஆண்டுகள் புல் வேரோடி மக்கி மக்கி உருவான கறுப்பு மண். வளத்துக்குக் குறைவில்லை, உழுவதுதான் பெரும்பாடு.

மரக்கலப்பையிலும் வார்ப்பிரும்புக் கலப்பையிலும் அந்த மண் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். நாலு அடி ஓட்டிவிட்டு நிறுத்தி, மண்ணைச் சுரண்டிவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். மழை பெய்த மறுநாள் கரிசலில் ஏர் ஓட்டியவர்களுக்கு இந்தத் துன்பம் தெரியும். இதற்குத் தீர்வு கண்டவர் ஒரு கொல்லர். பெயர் ஜான் டீர். பக்கத்து மாநிலமான இல்லினாயில் பட்டறை வைத்திருந்த அவர், 1837-ல் உடைந்த ரம்ப எஃகைக் கொண்டு வழவழப்பான கொழு செய்தார். மண் ஒட்டாமல் தானே வழுக்கி விழுந்தது. இன்று உலகெங்கும் ஓடும் பச்சை நிற டிராக்டரின் பெயர் அந்தக் கொல்லர் பெயர்தான்.

அப்படியும் கன்னி நிலத்தை முதல்முறை உடைக்கப் பெரிய கலப்பையும் பல ஜோடி எருதுகளும் வேண்டும். சொந்தமாக இல்லாதவர்கள் கூலிக்கு உழவைத்தார்கள். நிலம் வாங்கிய விலையைவிட உழவுக் கூலி அதிகம் ஆனதும் உண்டு. முதல் ஆண்டு, புரட்டிப்போட்ட புல் பத்தையைக் கோடரியால் கீறி அதில் மக்காச்சோள விதையைப் போட்டு மிதித்துவிட்டுப் போவார்கள். கிடைத்தவரை லாபம்.

1850 பண்ணையில் இப்போதும் எருதுகள்தான் வேலை செய்கின்றன. நம் விவசாயி ஒருவர் அங்கே போனால் அதிக நேரம் நிற்கப்போவது இந்த எருதுகளின் முன்னால்தான். காரணம், அவற்றுக்கு மூக்கணாங்கயிறு கிடையாது! பிடிகயிறும் இல்லை. ஓட்டுகிறவர் இடப்பக்கமாக நடந்தபடி, ‘ஜீ’ என்றால் வலது, ‘ஹா’ என்றால் இடது, ‘வோ’ என்றால் நில். கையில் ஒரு கோல், அவ்வளவே. கன்றிலிருந்தே குரலுக்குப் பழக்கிவிடுகிறார்கள். நுகத்தடியும் வேறு மாதிரி. நம் மாட்டுக்குத் திமில் உண்டு, நுகத்தடி அதன் முன்னால் தங்கி நிற்கும். அந்த இனங்களுக்குத் திமில் இல்லை. அதனால் கனமான மரத்தைக் கழுத்துக்கு ஏற்றபடி குடைந்து, வளைத்த மரக்கம்பைக் கழுத்தின் அடியில் கொடுத்துப் பூட்டுகிறார்கள்.

குதிரை இருக்க எருது ஏன்? விலை மலிவு. புல்லைத் தின்றே உழைக்கும், தானியம் கேட்காது. கடினமான நிலத்தில் நிதானமாக இழுக்கும். கையில் காசில்லாத விவசாயி போட்ட கணக்கு அது.

மரக்கட்டைகளை அடுக்கிய சிறு வீடு. ஓர் அறை, ஒரு கணப்பு. சமையல், தூக்கம், பிள்ளைப்பேறு எல்லாம் அதற்குள்தான். வெளியே வயலைச் சுற்றி, பிளந்த மரச்சட்டங்களை ஆணி இல்லாமல் நெளிநெளியாக அடுக்கிய வேலி. அந்தக் காலத்தில் அங்கே மாட்டையும் பன்றியையும் அடைப்பதில்லை. அவை காட்டில் மேய்ந்து ஓக் மரக்கொட்டையைத் தின்று கொழுக்கும். பயிரைத்தான் வேலி போட்டுக் காக்க வேண்டும். முள்கம்பி வந்த பிறகே கால்நடையை வேலிக்குள் வைப்பது எளிதாயிற்று. ஜோசஃப் கிளிடன் என்ற இல்லினாய் விவசாயி அதற்குக் காப்புரிமை பெற்றது 1874-ல்.

1876: கடையும் கொல்லுப்பட்டறையும்

பண்ணைகளுக்கு நடுவே ‘வால்நட் ஹில்’ என்ற சிற்றூரை 1876-ஆம் ஆண்டு மாதிரியில் அமைத்திருக்கிறார்கள். கொல்லுப்பட்டறை, பள்ளிக்கூடம், மருத்துவர் வீடு, அச்சகம், துடைப்பம் கட்டும் கடை, மளிகைக்கடை எல்லாம் உண்டு.

அந்தக் காலத்து மளிகைக்கடையின் சூட்சுமம் கல்லாவில் இல்லை, கணக்கு நோட்டில் இருந்தது. விளைச்சல் வரும்வரை கடன். நடுவில் கைகொடுத்தது வீட்டுப் பெண்களின் முட்டையும் வெண்ணெயும். அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்து உப்பு, சர்க்கரை, துணி வாங்கி வந்தார்கள். வயல் வருமானம் வட்டிக்குப் போக, வீட்டுச் செலவை ஓட்டியது அந்த முட்டைக் காசு. நம் கிராமங்களில் பால் காசும் ஆட்டுக் காசும் செய்கிற வேலை.

விவசாயிகளின் பெரிய பகையாக அன்று இருந்தது ரயில் கட்டணம். ரயில் வந்ததால்தான் தானியம் சந்தைக்குப் போனது. ஆனால், போட்டி இல்லாத இடத்தில் ரயில் நிறுவனம் சொன்னதுதான் கூலி. விலை விழுந்த ஆண்டுகளில் மக்காச்சோளத்தை விற்பதைவிட அடுப்பில் போட்டு எரிப்பது மலிவு என்ற நிலைகூட வந்தது. 1867-ல் தொடங்கிய ‘கிரேஞ்ச்’ என்ற விவசாயிகள் சங்கம் அயோவாவில் வேகமாகப் பரவியது. ஆணும் பெண்ணும் சம உறுப்பினர்கள். கூட்டாகக் கருவி வாங்கினார்கள், கூட்டாகக் குரல் கொடுத்தார்கள். 1874-ல் ரயில் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதிக்கும் சட்டத்தை அயோவா இயற்றியது. அந்தச் சட்டம் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனாலும் விவசாயிகள் கூடினால் சட்டம் வரை போக முடியும் என்பதைக் காட்டியது.

1900: குதிரைச் சக்தியின் பொற்காலம்

கடைசிப் பண்ணைக்கு வரும்போது நிலைமை தலைகீழ். பலகை வீடு, இரும்பு அடுப்பு, பெரிய வைக்கோல் கொட்டாரம். வேலைக்கு பெர்ஷரான் போன்ற கனமான குதிரைகள். ஒவ்வொன்றும் 800, 900 கிலோ எடை. உழவு, விதைப்பு, களையெடுப்பு, கதிர் அறுத்துக் கட்டுவது எல்லாவற்றுக்கும் குதிரை இழுக்கும் கருவி வந்துவிட்டது.

நம் வேளாண்மைத் துறை ஆட்கள் அசந்துபோகும் விஷயம் ஒன்று இந்தக் காலத்தில் உண்டு. வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுமார் 40 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு உள்ள கம்பியை இழுத்துக் கட்டுவார்கள். விதைப்புக் கருவி கம்பியை ஒட்டிப் போகும்போது, ஒவ்வொரு முடிச்சும் ஒரு விசையைத் தட்டும். அங்கே சில விதைகள் விழும். முடிவில் வயல் முழுக்கச் சதுரச் சதுரமாகக் குத்துகள். பிறகு களைக்கருவியை நெடுக்காகவும் ஓட்டலாம், குறுக்காகவும் ஓட்டலாம். களைக்கொல்லி இல்லாத காலத்தில் களையை வென்ற வழி இது. திருந்திய நெல் சாகுபடியில் சதுர நடவு நட்டு, கோனோ வீடரைக் குறுக்கும் நெடுக்கும் உருட்டுகிறோமே, அதே கணக்கு.

அறுவடை கையால்தான். உள்ளங்கையில் கட்டிய ஒரு சிறு இரும்புக் கொக்கியால் மட்டையைக் கிழித்து, கதிரை ஒடித்து, பக்கத்தில் நகரும் வண்டியில் எறிவார்கள். வண்டியின் எதிர்ப்புறம் உயரமான பலகை இருக்கும். கதிர் அதில் ‘டப்’பென்று மோதி வண்டிக்குள் விழும். அந்தச் சத்தம் நிற்காமல் கேட்டால் ஆள் கெட்டிக்காரன் என்று அர்த்தம். தேர்ந்த ஆள் ஒரு நாளில் 100 புஷல், அதாவது கதிராக மூன்று டன்னுக்குமேல் ஒடித்துவிடுவார்.

கோதுமை, ஓட்ஸ் தாளடிக்க மட்டும் நீராவி இயந்திரம் வரும். தனி ஒருவர் வாங்க முடியாத விலை. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வட்டம் அமைத்து, இன்று உன் களத்துக்கு நான், நாளை என் களத்துக்கு நீ என்று ஆள் மாற்றி வேலை செய்தார்கள். இருபது பேர், சில வீடுகளில் அதற்கும் மேல். அத்தனை பேருக்கும் சமைத்துப் போடுவது பெண்களுக்குப் போர்க்களம்.

மண் காக்கும் முறையும் அவர்களிடம் இருந்தது. ஓராண்டு மக்காச்சோளம், அடுத்து ஓட்ஸ், அதற்கடுத்து குளோவர் என்ற பயறுவகைத் தீவனம். தீவனம் கால்நடைக்கு, சாணம் வயலுக்கு. குதிரைகளின் தீனிக்கென்றே நிலத்தில் கணிசமான பங்கு போனது உண்மைதான். ஆனால், அந்தக் காலத்து ‘டீசல்’ சொந்த வயலில் விளைந்தது!

குதிரையின் காலத்துக்கு முடிவு எழுதிய கருவியும் அயோவாவில் பிறந்ததுதான். ஜான் ஃப்ரோலிக் என்பவர் 1892-லேயே முன்னும் பின்னும் நகரும் பெட்ரோல் டிராக்டரைச் செய்துவிட்டார்.

காட்சிக்கு வைக்க முடியாத கணக்கு

மூன்று பண்ணைகளையும் பார்த்துவிட்டு வெளியே வந்தால் கண்ணெட்டும் தூரத்தில் நெடுஞ்சாலை, கட்டடங்கள், அவற்றைத் தாண்டி நவீன அயோவா. அங்கே இன்று ஏக்கருக்கு 200 புஷல், அதாவது சுமார் 5,000 கிலோ மக்காச்சோளம் எடுக்கிறார்கள். 1900-ல் 30, 40 புஷல்தான். இது சாதனை, மறுப்பதற்கில்லை.

மற்ற கணக்கையும் பார்க்க வேண்டும். 1900-ல் அயோவாவில் இருந்த பண்ணைகள் 2,28,000-க்கு மேல். 2022 கணக்கெடுப்பில் சுமார் 87,000. சராசரிப் பண்ணை 150 ஏக்கரிலிருந்து 345 ஏக்கராகிவிட்டது. நிலம் எங்கும் போகவில்லை, குடும்பங்கள்தான் போயின. குறிப்பாக 1980-களில், நில மதிப்பு உயர்ந்த காலத்தில் வாங்கிய கடன், மதிப்பு சரிந்தபோது கழுத்தை இறுக்கியது. தலைமுறை தலைமுறையாக இருந்த பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. பள்ளிகளும் கடைகளும் மூடிய சிற்றூர்கள் பல. வால்நட் ஹில் மாதிரி ஓர் ஊரை இன்று அருங்காட்சியகத்தில் கட்டிவைக்க வேண்டியிருப்பதன் பொருள் அதுதான்.

ஆதிப் புல்வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. குடியேறியவர்கள் கண்ட கறுப்பு மேல்மண்ணில் ஏறக்குறைய பாதி அரித்துப் போய்விட்டது என்பது மண்ணியல் வல்லுநர்களின் மதிப்பீடு.

விதையின் கதையும் இங்கேதான். அயோவாக்காரரான ஹென்றி வாலஸ் 1926-ல் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை நிறுவனம் தொடங்கினார். பின்னாளில் நாட்டின் வேளாண் அமைச்சர், துணை ஜனாதிபதி என்று உயர்ந்தவர் அவர். 1940-களின் தொடக்கத்தில் அயோவாவின் மக்காச்சோளம் கிட்டத்தட்ட முழுவதும் ஒட்டு ரகமாகிவிட்டது. விவசாயிகள் எப்படி மாறினார்கள் என்று ரையான், கிராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1943-ல் வெளியிட்ட ஆய்வை வேளாண் விரிவாக்கம் படிக்கும் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். விதை விற்பனையாளர் சொல்லி விவரம் தெரிந்தது. ஆனால், நம்பி மாறியது பக்கத்து வயல்காரரைப் பார்த்து என்பது அதன் சாரம். அந்த மாற்றத்தில் மகசூல் கூடியது. ஒவ்வொரு வீட்டிலும் கதிர் தேர்ந்தெடுத்துக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் நின்றுபோனது.

எல்லாம் போய்விடவில்லை. 1975-ல் ஒரு தம்பதி, தாத்தா கொடுத்த பூச்செடி விதையையும் தக்காளி விதையையும் வைத்துத் தொடங்கிய ‘சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்’ இன்று அயோவாவின் டெகோரா ஊரில் ஆயிரக்கணக்கான பழைய ரகங்களைப் பாதுகாத்துப் பகிர்கிறது.

போப் வந்த வயல்

1979-ல் போப் இரண்டாம் ஜான் பால் அமெரிக்கா வருவதாக அறிவிப்பு வந்தபோது, அயோவா விவசாயி ஒருவர் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். பெரு நகரங்களோடு கிராமத்தையும் வந்து பாருங்கள் என்ற அழைப்பு. அழைப்பு ஏற்கப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 4 அன்று இந்தப் பண்ணையின் மேட்டு வயலில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் கூடினார்கள். நிலத்தைப் பேணிக் காத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது பற்றித்தான் அங்கே அவர் பேசினார். அதன் நினைவாக ஒரு சிறு தேவாலயம் வால்நட் ஹில்லில் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் டி மொய்னுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அயோவாவில் பிறந்த நார்மன் போர்லாக் உருவாக்கிய உலக உணவுப் பரிசின் தலைமையகம் இந்த ஊரில்தான். 1987-ல் அந்தப் பரிசை முதன்முதலில் பெற்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன். அந்தப் பரிசுப் பணத்தைக் கொண்டுதான் சென்னையில் தன் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார்.

போக நினைப்பவர்களுக்கு...

* மே முதல் அக்டோபர் வரையிலான மாதங்களே பண்ணை சுற்ற ஏற்றவை. கடும் குளிர்காலத்தில் வயல் வேலை இருக்காது. கிளம்பும் முன் திறந்திருக்கும் நாள்களைப் பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள்.
* முழு நாள் ஒதுக்குங்கள். நடக்க ஏற்ற செருப்பு, தொப்பி, தண்ணீர் அவசியம். ஜூலையில் நம் ஊர் போலவே புழுங்கும்.
* மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். கலப்பைப் பிடியைத் தொட்டுக் காட்டினால் போதும், விவசாயிக்கு விவசாயி புரிந்துகொள்வார். பேரப்பிள்ளைகளை மொழிபெயர்க்க வையுங்கள், அவர்களும் கற்றுக்கொள்வார்கள்.
* மண், விதை, செடி எதையும் எடுத்து வராதீர்கள். உரிய அனுமதியும் சான்றும் இல்லாமல் விதை கொண்டுவருவது சட்டப்படி தவறு. புதிய பூச்சி, நோய் நுழையவும் வழியாகும்.

‘மக்காச்சோள விதையை நாமே எடுத்து வைக்கலாமா?’

இந்தக் கட்டுரையைப் படித்ததும் பலருக்கு இந்தக் கேள்வி எழும். வீரிய ஒட்டு ரகத்திலிருந்து எடுத்த விதையில் தாய்ப்பயிரின் குணம் அப்படியே வராது. செடிகள் ஏற்ற இறக்கமாக வளர்ந்து மகசூல் குறையும். நாட்டு ரகமோ, தன்னிச்சையாக மகரந்தச் சேர்க்கையாகும் ரகமோ என்றால் எடுத்து வைக்கலாம். மக்காச்சோளம் காற்றில் மகரந்தம் பரவும் பயிர். ஆகவே வேறு ரக வயலிலிருந்து குறைந்தது 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அல்லது பூக்கும் காலம் ஒன்றுசேராதபடி விதைப்பை முன்பின் மாற்ற வேண்டும். ஒன்றிரண்டு நல்ல கதிரில் மட்டும் விதை எடுத்தால் சில தலைமுறையில் வீரியம் குன்றும். வயலின் நடுப்பகுதியில் நோயில்லாத நூறு செடிகளிலாவது கதிர் எடுத்து விதையைக் கலந்து வையுங்கள்.

நம் பரணில் இருப்பது

லிவிங் ஹிஸ்டரி ஃபார்ம்ஸில் உள்ள கருவிகள் உலகில் வேறு எங்கும் கிடைக்காதவை அல்ல. பழைய பொருள் கடைகளில் இன்றும் வாங்கலாம். அந்தப் பண்ணையின் உண்மையான சொத்து, எருதை ‘ஜீ’ என்று திருப்பவும், கொக்கியால் கதிர் ஒடிக்கவும், சாணை பிடிக்கவும் தெரிந்த ஆட்கள். கடைசியாகத் தெரிந்தவர் போகும் முன் கேட்டுக் கற்று வைத்ததால் வந்த சொத்து.

நம்மிடம் அந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கமலை இறைத்தவர், ஏற்றத்தில் ஏறி மிதித்தவர், மாடு கட்டிப் போரடித்தவர், குதிருக்கு மண் குழைத்துப் பூசிய பாட்டி. வயது எழுபதைத் தாண்டியிருக்கும். இன்னும் பத்து ஆண்டு கழித்துத் தேடினால் கருவி கிடைக்கும், சொல்லித்தர ஆள் கிடைக்காது.

பெரிய செலவில்லாத மூன்று வேலைகள்:

ஒன்று, பழைய கலப்பை, பரம்பு, நுகத்தடி, மரக்காலைப் பழைய சாமான் வியாபாரிக்குப் போடும் முன், பெரியவர் ஒருவரை அதைப் பூட்டிக் காட்டச் சொல்லிக் கைப்பேசியில் படம் எடுங்கள். ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் அவர் வாயால் சொல்ல வையுங்கள். மேழிக்கும் ஏர்க்காலுக்கும் உங்கள் ஊரில் என்ன பெயர் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லாமல் இருக்கலாம்.

இரண்டு, வீட்டில் பழைய ரக நெல்லோ, கத்தரியோ, அவரையோ இருந்தால் அஞ்சு சென்டிலாவது ஆண்டுதோறும் போட்டு விதை புதுப்பியுங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் செய்ததும் அடிப்படையில் இதுதான்: விதையைக் கொடுத்து, விளைந்ததும் திரும்ப வாங்கி, அடுத்தவருக்குக் கொடுத்தார்.

மூன்று, உங்கள் பகுதிக்கே உரிய ரகமாக இருந்தால், பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம் 2001-ன்படி உழவர் ரகமாகப் பதிவு செய்யலாம். உழவர் ரகத்துக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் விவரம் கேளுங்கள்.

கடிதம் எழுதிய வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அயோவா போய் அந்த 1850 எருதுகளைப் பாருங்கள். பார்த்துவிட்டு ஊர் திரும்பியதும், உங்கள் பேரனை அழைத்துக்கொண்டு போய்ப் பரணிலிருந்து உங்கள் நுகத்தடியை இறக்குங்கள். அதை எப்படிப் பூட்டுவது என்று அவனுக்குச் சொல்ல உங்களைவிட்டால் வேறு ஆள் இல்லை.